நடுக்கோடு இல்லாத பத்தொன்பது நாட்கள்

எங்கள் பங்கு ஜெபக்குழுவில் மாதம் ஒருவர், ஆண்டவர் தமக்குச் செய்த நன்மையை எழுதிக் கொடுக்கவேண்டும். இந்த மாதம் என் முறை. போன மாதம் எழுதியவர் கட்டுமரத்தோடு இரண்டு நாள் கடலில் அலைந்து கரை சேர்ந்தவர். அதற்கு முந்தைய மாதம் எழுதிய அம்மாளுக்கு, டாக்டர்களே கைவிட்ட குழந்தை பிழைத்துத் திரும்பக் கிடைத்தது. அவர்களுக்குப் பின்னால் நான் ஒரு பரீட்சையைப் பற்றி எழுத வந்து நிற்கிறேன். சிரிக்காதீர்கள். எனக்கு அன்றைக்கு அதுதான் கடல்.

1982-ஆம் வருடம், நவம்பர் மாதம். எனக்கு இருபத்தொரு வயது. பொருளாதாரத்தில் பி.ஏ. முடித்துவிட்டு உழவர்கரையில் எங்கள் வீட்டில் சும்மா இருந்தேன். அப்பா பஞ்சாலையில் நெசவுப் பிரிவு மேஸ்திரி. அம்மா அதே ஆலையில் நூல் சுற்றும் பிரிவில் வேலை பார்த்து, முட்டிவலி வந்து நின்றுவிட்டவர்.

அப்பாவுக்கு இரண்டு வேதங்கள். ஒன்று கத்தோலிக்க வேதம். இன்னொன்று பிரெஞ்சு. பிரெஞ்சுக்காரன் காலத்தில் சின்ன வகுப்புகள் வரை படித்தவர், அந்தப் படிப்பை வைத்துக்கொண்டே ஊரை ஆண்டுவிடுவார். ஒரே பெண்ணான என்னையும் கன்னியர் நடத்திய பிரெஞ்சுப் பள்ளியில்தான் சேர்த்தார். பத்து வருடம் அங்கே படித்த பிறகுதான் இங்கிலீஷ் வழிக்கு மாறி, தட்டுத்தடுமாறிக் கல்லூரியை முடித்தேன்.

அந்த நவம்பரில் ஒரே வாரத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தபால் வந்தன. முதல் தபால் பிரான்சிலிருந்து. அப்பாவின் பால்ய சிநேகிதர் ஆரோக்கியம் மாமா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து அங்கேயே தங்கிவிட்டவர். அவர் மகன் மிஷேல் பெப்ரவரியில் லீவில் வருகிறான், தவக்காலம் தொடங்குவதற்குள் உன் மகள் தெரேசுக்கும் அவனுக்கும் மோதிரம் மாற்றிவிடலாம் என்று எழுதியிருந்தார். எங்கள் ஊரில் பிரெஞ்சு நேஷனாலிட்டி மாப்பிள்ளை என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அப்பா அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே மூன்று நாள் வேலைக்குப் போய்வந்தார்.

இரண்டாவது தபால் எனக்கு. செப்டம்பரில் வீட்டுக்குச் சொல்லாமல் ஒரு மேலாண்மைக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். பெரிய ஆலைகளையும் கம்பெனிகளையும் நடத்துவதற்குப் பயிற்சி தருகிற இடம். வராது என்று நினைத்து மறந்தே போயிருந்த நுழைவுச் சீட்டு வந்துவிட்டது. பரீட்சைக்கு இருபத்தாறு நாள் இருந்தது. மற்றவர்கள் ஒரு வருடமாகத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். நான் ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை.

தபாலை வாங்கியது அப்பா. அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார்.

"இது பாஸானா இன்னா ஆவும்?" என்றார்.

"ரெண்டு வருஷம் அங்க தங்கிப் படிக்கணும்பா. அப்பறம் வேலை."

"பாஸாவலன்னா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார். "சரி. நான் ஒரு வாக்கு குடுக்கறேன், நீ ஒரு வாக்கு குடு. பாஸானா படி. நான் ஆரோக்கியத்துக்கு எழுதிடறேன். பாஸாவலன்னா மிஷேல கட்டிக்கணும். மொகத்த தூக்கி வச்சிக்கினு திரியக்கூடாது."

ஒப்புக்கொண்டேன். மிஷேலைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறேன், நல்ல பிள்ளைதான். ஆனால் எனக்கு இந்தப் படிப்பு வேண்டும். அம்மா வேலை செய்த ஆலையில், காரில் வந்து இறங்கி மாடிக்குப் போகிறவர்களைச் சின்ன வயதிலிருந்து ஆலை கேட் அருகில் நின்று பார்த்திருக்கிறேன். அந்த மாடியில் என்னதான் செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியவேண்டும். ஆசை அவ்வளவுதான்.

என்னோடு கல்லூரியில் படித்த வசந்திக்குத் தவளக்குப்பம். அவள் சென்னையில் இதே பரீட்சைக்கு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தவள், நடுவில் பேங்க் வேலை கிடைத்து விட்டுவிட்டாள். அவளிடமிருந்து மாதிரிக் கேள்விப் புத்தகத்தை வாங்கிவந்து உட்கார்ந்தேன். கணக்குப் பகுதியில் ஐம்பது கேள்வி, ஐம்பது நிமிடம். ஒவ்வொரு கேள்விக்கும் நாலு விடை கொடுத்திருக்கும், சரியானதைக் குறிக்கவேண்டும். முதல் தடவை முயற்சி செய்தேன். பதினொரு கேள்விதான் முடிந்தது. பதினொன்றும் சரி. அதுதான் கொடுமை.

காரணம் என்ன தெரியுமா? எங்கள் பள்ளியில் கணக்கு என்றால் அதற்கு ஒரு முறை உண்டு. பக்கத்தின் நடுவே அடிக்கோல் வைத்து மேலிருந்து கீழே ஒரு கோடு போடவேண்டும். இடது பக்கம் என்ன செய்கிறோம் என்பதை முழு வாக்கியமாக எழுதவேண்டும். வலது பக்கம் கூட்டல், பெருக்கல், வகுத்தல் எல்லாவற்றையும் அடுக்கிப் போடவேண்டும். கடைசியில் விடையின் கீழே சிவப்பு மையில், மறுபடியும் அடிக்கோல் வைத்து, கோடு. விடை சரியாக இருந்து கோடு கோணலாக இருந்தால் பாதி மார்க் போய்விடும். கோடே இல்லையென்றால், மா சேர் என்று நாங்கள் கூப்பிடுகிற கன்னியர் நோட்டைத் திருப்பியே பார்க்கமாட்டார்கள். பத்து வருடம் நான் அதில் முதல். சுத்தமாகக் கணக்குப் போட்டதற்கு ஒரு மர அடிக்கோலையே பரிசாக வாங்கியிருக்கிறேன். பித்தளை விளிம்பு வைத்தது.

வசந்தி ஒருநாள் வந்து நான் கணக்குப் போடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் பொறுத்துக்கொண்டாள்.

"இன்னாடி இது, கணக்குப் போடறியா, கோலம் போடறியா?"

"கோடு போடாம எனக்கு வராதுடி."

"அங்க எவனும் உன் நோட்டப் பாக்கமாட்டான். எந்த எழுத்துல குறி போட்டேன்னு மட்டுந்தான் பாப்பான். மத்ததெல்லாம் குப்பத்தொட்டிக்கு."

அவள் சொன்னது எனக்கும் தெரியும். கோடு இல்லாமல் போட்டுப் பார்த்தேன். வெள்ளைக் காகிதத்தில் எண்களை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. கூட்டுவதைக் கழித்தேன், ஏழு என்பதை ஒன்று என்று படித்தேன். தப்பாக வந்ததும் பயந்துபோய் அடிக்கோலை எடுத்தேன். அடிக்கோலை எடுத்தால் நேரம் போயிற்று. ஒரு வாரம் இப்படியே ஓடியது. பதினொன்று பதினாலானது. அதற்கு மேல் நகரவில்லை. பூனை தன் வாலையே பிடிக்கச் சுற்றுவதைப் போலச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

அழுதேன். எனக்கு அழுகை சுலபத்தில் வராது, ஆனால் அந்த வாரம் கிணற்றடியில் அழுதேன். அறிவில்லாமல் தோற்றால் பரவாயில்லை. நன்றாகப் படித்ததனாலேயே தோற்கப்போகிறேன் என்பது எனக்குத் தாங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நவநாளுக்குப் போனேன். முழங்காலில் நின்று நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பரீட்சையை இரண்டு மாதம் தள்ளிப்போடும். அந்தச் சமயம் நல்ல மழை. புயல் வரும் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். புயலை அனுப்பினாலும் சரிதான் என்றுகூட மனதுக்குள் சொன்னேன். மீனவக் குடும்பங்கள் இதைப் படித்தால் என்னை மன்னிக்கவேண்டும். எனக்கு அன்று என் பரீட்சை மட்டும்தான் தெரிந்தது.

கோயிலிலிருந்து சைக்கிளில் திரும்பினேன். மழை தூறிக்கொண்டிருந்தது. நோட்டும் அடிக்கோலும் பின்னால் கேரியரில். வழியில் அடிக்கோல் நழுவுகிற சத்தம் கேட்டது. பரிசு வாங்கிய அடிக்கோல் ஆயிற்றே! ஒரு கையைப் பின்னால் நீட்டி அதைப் பிடிக்கப்போனேன். ஈரத் தார்ரோட்டில் சைக்கிள் சறுக்கியது. வலது கையை ஊன்றி விழுந்தேன்.

மணிக்கட்டில் எலும்பு முறிவு. தவளக்குப்பத்தில் எண்ணெய்க்கட்டுப் போடுகிறவரிடம் அழைத்துப்போக வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றார். அப்பா கேட்கவில்லை, பெரியாஸ்பத்திரிக்குத்தான் கூட்டிப்போனார். முழங்கையிலிருந்து பாதி விரல் வரை மாவுக்கட்டு. விரல் நுனிகள் மட்டும் வெளியே எட்டிப் பார்த்தன. ஆறு வாரம் பிரிக்கக்கூடாது, எழுதக்கூடாது என்றார் டாக்டர். பரீட்சைக்குப் பத்தொன்பது நாள் இருந்தது.

வீட்டில் ஆண்டவருடைய திரு இருதயப் படத்துக்கு எதிரேதான் என் பாய். அன்று நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். ஜெபமாலைக்கு எழுந்திருக்கவில்லை. நாளைத் தள்ளிவைக்கச் சொன்னேன், கையை ஒடித்துவிட்டீரே என்று படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டே சண்டை போட்டேன். அம்மா சாப்பாட்டுத் தட்டோடு வந்து உட்கார்ந்தார்.

"கேட்டத ஒடனே எடுத்துக் குடுக்க அவுரு இன்னா ரேஷன் கடையா வச்சிருக்காரு? எழுந்து சாப்புடு. சாப்டுட்டு கோவிச்சிக்க."

அம்மாதான் ஊட்டிவிட்டார். அந்த வயதில் அம்மா கையால் சோறு வாங்கித் தின்பது எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு நாள் அப்படியே போயிற்று.

மூன்றாம் நாள் காலை. அப்பா முதல் ஷிப்டுக்குப் போய்விட்டார். அம்மா பூசைக்குப் போயிருந்தார். வீட்டில் யாரும் இல்லை. எழுந்து படத்துக்கு நேராக உட்கார்ந்தேன். கோபம் தீர்ந்திருந்தது, அதன் இடத்தில் ஒன்றுமே இல்லை. வழக்கமாகச் சொல்கிற ஜெபம் எதுவும் வாயில் வரவில்லை. "ஆண்டவரே, எனக்குக் கேட்கத் தெரியவில்லை. என்ன செய்யவேண்டும் என்று உமக்கே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். இந்தக் கையும் உம்முடையது, மிச்சமிருக்கிற நாட்களும் உம்முடையது. நீரே பார்த்துக்கொள்ளும்." இவ்வளவுதான் சொன்னேன். உடம்பு சிலிர்க்கவில்லை. குரல் எதுவும் கேட்கவில்லை. பசித்தது, இடது கையாலேயே பழையதைக் கரைத்துக் குடித்தேன்.

அன்று மத்தியானம் அப்பா ஷிப்டு முடிந்து வந்தார். குளித்தார், சாப்பிட்டார். படுக்கப் போகவில்லை. வசந்தியின் புத்தகத்தை எடுத்துக்கொண்டு என் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் படிக்கறேன். நீ சொல்லு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்பா, நான் தோத்தா உங்களுக்குத்தான நல்லது?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அப்பா ஞாயிற்றுக்கிழமைதோறும் பெத்தாங் ஆடுகிறவர். இரும்பு உருண்டையை உருட்டி, சின்ன மரக்குண்டுக்கு எது கிட்டே போகிறது என்று பார்க்கிற பிரெஞ்சுக்காரன் விளையாட்டு. விரற்கடை தூரத்துக்காகக் கயிறு வைத்து அளந்து சண்டை போடுவார்.

"ஆட்டத்துல எதிராளிக்குக் கை வழுக்கினா, இன்னொரு தபா போடுன்னு சொல்றவன்டி நானு. கை ஒடிஞ்சவள ஜெயிச்சிட்டு மோதிரம் மாத்தி வச்சேன்னா ஊர்ல என்ன எவன் மதிப்பான்? பேசாத. மொத கேள்வி."

அப்பா இங்கிலீஷ் படித்ததே இல்லை. எழுத்து தெரியும், அதைப் பிரெஞ்சு மாதிரியே வாசிப்பார். சொல்லின் கடைசி எழுத்தை விழுங்கிவிடுவார், ஹெச் வந்தால் கண்டுகொள்ளவே மாட்டார். ஒரு ரயில் எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்ற கேள்வியில், அது ரயில் என்று கண்டுபிடிக்கவே எனக்கு அரை நிமிடம் ஆனது. புத்தகத்தைக் காட்டுங்கள் என்றால் காட்டமாட்டார். இரண்டு தடவைதான் படிப்பார். அதற்குள் எண்களை நான் மனதில் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். காகிதம் கிடையாது, பென்சில் கிடையாது, கோடு கிடையாது.

முதல் நாள் இருபதில் மூன்று. கண்ணை மூடிக்கொண்டு மனதுக்குள் கோடு போட்டுப் பார்த்தேன். இடது ஆட்காட்டி விரல் தானாகவே பாயில் மேலிருந்து கீழே இழுக்கும். அப்பா பார்த்துவிட்டு, "பாயக் கிழிக்காத" என்பார். மனதில் போட்ட கோடு நிற்காது. வலது பக்கம் வகுக்கப்போனால் இடது பக்கம் அழிந்துவிடும்.

நேரம் பார்ப்பதிலும் ஒரு தொல்லை. அப்பாவின் கைக்கடிகாரம் மழையில் நனைந்து நின்றுபோயிருந்தது. அம்மா அந்த நேரத்தில்தான் மூலையில் உட்கார்ந்து என் கைக்காக ஜெபமாலை சொல்லுவார். அப்பா அதையே கடிகாரமாக்கிவிட்டார். அம்மா ஜெபமாலையில் ஒரு பத்து மணி, அதாவது பத்து அருள் நிறைந்த மரியே, சொல்லி முடிப்பதற்குள் நான் நாலு கணக்கை முடிக்கவேண்டும். முடியாவிட்டால் எங்கள் வீட்டில் சண்டை.

"இன்னிக்கி நீ வேகமா சொல்ற" என்பார் அப்பா.

"மாதாவுக்குச் சொல்றத உங்க இஷ்டத்துக்கு இழுத்துச் சொல்ல முடியுமா? உங்க பொண்ண வேகமாப் போடச் சொல்லுங்க" என்பார் அம்மா, மணியிலிருந்து விரலை எடுக்காமலேயே.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ சரியாக நினைவில்லை. அப்பா ஒரு கணக்கைப் படித்தார். நாற்பத்தெட்டை ஐம்பத்திரண்டால் பெருக்கவேண்டும். பள்ளியில் என்றால் கோடு போட்டு, ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, இரண்டு வரியாகப் பெருக்கி, கூட்டி, அடிக்கோடு இட்டிருப்பேன். அன்று எண்களை எழுத இடமில்லை. எனவே அவற்றைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று ஐம்பதுக்கு இரண்டு குறைவு, இன்னொன்று ஐம்பதுக்கு இரண்டு அதிகம். ஐம்பதை ஐம்பதால் பெருக்கினால் இரண்டாயிரத்து ஐந்நூறு. அதில் நாலு குறையும். இரண்டாயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றாறு. அப்பா இரண்டாவது தடவை படித்து முடிப்பதற்கு முன்பே விடையைச் சொல்லிவிட்டேன்.

அப்பா புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி புத்தகத்தைப் பார்த்தார். நான் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். அம்மா மணியில் விரல் வைத்தபடியே திரும்பி, "எத்தினாவது அருள் நெறைஞ்ச மரியேன்னு மறந்துட்டேன், போங்க" என்றார்.

அன்றுதான் எனக்கு விளங்கியது. பத்து வருடமாக நான் எண்களை எழுதியிருக்கிறேனே தவிர, பார்த்ததே இல்லை. கையை ஒடிக்காமல் விட்டு வைத்திருந்தால் அது கோடு போட்டுக்கொண்டே இருந்திருக்கும். நானாக அதை நிறுத்தியிருக்கவே மாட்டேன். இரண்டு மாதம் அல்ல, இரண்டு வருடம் பரீட்சை தள்ளிப்போயிருந்தாலும் இன்னும் அழகாகக் கோடு போடத்தான் கற்றிருப்பேன். நான் கேட்டது நாட்கள். எனக்கு வேண்டியிருந்தது வேறு. இதை எழுதும்போது இன்றும் எனக்குக் கண் கலங்குகிறது.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று வந்துவிட்டது என்று சொன்னால் பொய். ஒரு நாள் முன்னால் போவேன், ஒரு நாள் பின்னால் வருவேன். வட்டிக் கணக்கு வந்தால் மூளை நின்றுவிடும். ஆனால் அம்மா ஒரு பத்து மணி முடிப்பதற்குள் நாலு கணக்கு என்பது கடைசி வாரத்தில் ஐந்தாகிவிட்டது. பரிசு வாங்கிய அடிக்கோலுக்கும் அந்தப் பத்தொன்பது நாளில் ஒரு வேலை கிடைத்தது. மாவுக்கட்டுக்குள் அரிப்பெடுத்தால் அதை உள்ளே விட்டுச் சொறிந்துகொள்வேன்.

பரீட்சை ஒரு மணிநேரம்கூடத் தள்ளிப்போகவில்லை. புயலும் வேறு பக்கம் போய்விட்டது. பரீட்சைக்கு முதல் நாளே அப்பாவும் நானும் பஸ்ஸில் சென்னைக்குப் போய், பெரம்பூரில் அத்தை வீட்டில் தங்கினோம். ஞாயிறு காலை முதல் பூசை பார்த்துவிட்டுப் பரீட்சை நடக்கும் கல்லூரிக்குப் போனோம். வாசலில் அப்பா என் கையில் வசந்தியின் கைக்கடிகாரத்தைக் கட்டிவிட்டார். கட்டிய பிறகு வாரை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஹாலில் மேற்பார்வை பார்த்தவர் என் மாவுக்கட்டைப் பார்த்துவிட்டு வந்தார்.

"எப்படிம்மா எழுதுவே? எழுத ஆள் வேணும்னு முன்னாடியே சொல்லியிருக்கணுமே."

"எழுத ஒண்ணும் இல்ல சார். குறி மட்டும் போட்டா போதும்."

"இந்த ஸ்கேல் எதுக்கு?"

"சொறியறதுக்கு சார்."

அவர் சிரிக்கவில்லை. அடிக்கோலை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போனார்.

கணக்குப் பகுதியைத் திருப்பியதும் எனக்கு எல்லாம் மறந்துபோனது. முதல் கேள்வியை மூன்று தடவை படித்தேன். ஒன்றும் ஏறவில்லை. சுற்றிலும் எல்லோரும் விறுவிறுவென்று ஓரத்தில் எழுதிக் கணக்குப் போடுகிற சத்தம். என் இடது கை அடிக்கோல் பக்கம் போயிற்று. போனதை நானே பார்த்தேன். அப்போது என் காதுக்குள் அம்மா ஜெபமாலை சொல்லுகிற முணுமுணுப்பு கேட்டது. அற்புதம் என்று சொல்லமாட்டேன். இரண்டு வாரத்துக்கு மேலாகத் தினமும் கேட்ட சத்தம் காதில் தங்கியிருந்தது என்றும் சொல்லலாம். என்னைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். கண்ணை மூடினேன். அந்தக் கேள்வியை அப்பா குரலில், கடைசி எழுத்துகளை விழுங்கி, மனதுக்குள் படித்தேன். விடை வந்தது.

வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல்நுனிகளால் பென்சிலைப் பிடித்துக் குறி போட்டேன். வலித்தது. ஒவ்வொரு குறிக்கும் வலித்தது. ஐம்பதில் நாற்பத்து மூன்று போட்டேன். மிச்சம் ஏழைத் தொடக்கூட இல்லை. வெளியே வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர், "ஏழுதான" என்று சொல்லி எனக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்தார்.

ஜனவரிக் கடைசியில் முடிவு வந்தது. தபாலை வாங்கியது இந்தத் தடவையும் அப்பாதான். உறையைப் பிரித்து, கண்ணாடி போட்டு, தன் வழக்கப்படி பிரெஞ்சு மாதிரியே சத்தமாக வாசித்தார். நேர்முகத் தேர்வுக்கு அழைத்திருந்தார்கள். அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டுத் திரு இருதயப் படத்துக்கு முன்னால் போய் நின்றார். நான் அவசரமாகச் சொன்னேன், "அப்பா, இன்னும் நேர்முகம் இருக்கு. அதுல தள்ளிட்டாங்கன்னா?"

"நான் பரீட்சைன்னுதான் வாக்கு குடுத்தேன். நேர்முகம்னு ஒண்ணு இருக்குறது எனக்குத் தெரியாது" என்றார். அன்றைக்கே ஆரோக்கியம் மாமாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். எழுதியதை எனக்குக் காட்டினார். உடம்பு நலம், மழை, ஆலை எல்லாவற்றையும் பற்றி எழுதியபின் கடைசியில் இப்படி இருந்தது. 'பெண்ணோடு ஒரு பந்தயம் கட்டினேன். தோற்றுவிட்டேன். அளந்து பார்த்துவிட்டேன், சந்தேகமில்லை. மிஷேலுக்கு நானே நல்ல இடமாகப் பார்த்துத் தருகிறேன்.' சொன்னபடியே பார்த்தும் கொடுத்தார். மிஷேல் குடும்பத்திலிருந்து இன்றைக்கும் கிறிஸ்மஸுக்கு வாழ்த்து அட்டை வருகிறது.

நேர்முகத்திலும் தேறினேன். இரண்டு வருடம் படித்தேன். இப்போது சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் உற்பத்திப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். ஆசைப்பட்ட மாடியில் என் மேசை இருக்கிறது. நாளில் பாதி நேரம் கீழே, இயந்திரங்களுக்கு நடுவில்தான் நிற்கிறேன்.

ஒன்று மட்டும் உங்களிடம் மறைக்காமல் சொல்லவேண்டும். நான் தேறாமல் போயிருந்தால் இப்படி எழுத வந்திருப்பேனா? இந்தக் கேள்வியைப் பல வருடம் என்னிடமே கேட்டிருக்கிறேன். தெரியவில்லை. மூன்றாம் நாள் காலை நான் செய்த ஜெபத்தில் தேறவேண்டும் என்ற வார்த்தையே இல்லை என்பது மட்டும் தெரியும். அதற்கு முன்னால் நான் செய்ததெல்லாம் ஜெபம் இல்லை, ஆண்டவருக்கு வேலை உத்தரவு போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது காரியத்தைச் சொல்லுகிறேன். வழியைச் சொல்லுவதில்லை. சில சமயம் பழக்க தோஷத்தில் வாய்வரை வந்துவிடும், விழுங்கிக்கொள்கிறேன்.

இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது இப்போது நாள் போதாமல் இருக்கலாம். கேட்டது கிடைக்காமல், இருந்ததும் போய், திரு இருதயப் படத்துக்கு முதுகைக் காட்டிப் படுத்திருக்கலாம். கோபப்படுங்கள், அவர் தாங்குவார். கோபம் தீர்ந்ததும் திரும்பி உட்கார்ந்து, நீரே பாரும் என்று ஒரே ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். பிறகு யார் உங்கள் எதிரே நாற்காலியைப் போட்டு உட்காருகிறார்கள் என்று கவனியுங்கள். எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தவர், நான் தோற்கவேண்டும் என்று ஆசைப்பட்டவர்.

அப்பா இப்போது ஆலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பெத்தாங் மட்டும் நிற்கவில்லை. என் மணிக்கட்டு எலும்பு கொஞ்சம் கோணலாகத்தான் சேர்ந்தது. ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் குளிரில் அது வலிக்கும். அம்மா தைலம் எடுத்துக்கொண்டு வருவார். பொறும்மா, தேய்க்கிறதுக்கு முன்னால் ஒரு நிமிஷம் இரு என்பேன். அந்த ஒரு நிமிஷம் அந்தக் கோணல் எலும்பை இடது கையால் பிடித்துக்கொண்டு ஆண்டவருக்கு நன்றி சொல்லுவேன்.